காருக்குள் சாலை இரைச்சலையும் சைலன்சர் முழக்கத்தையும் குறைப்பது: ஷீட் வாங்கும் முன்பிருந்து கடைசி கிளிப் வரை

சவுண்ட் டேம்பிங், அதாவது காரின் தகடுகளில் ஷீட் ஒட்டி உள்ளே வரும் சத்தத்தைக் குறைக்கும் வேலை, செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் ஷீட் நல்லது?" என்பதைத்தான். உண்மையில் அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். எந்தச் சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்காமல் வாங்கினால் ஷீட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண். "முழு வண்டிக்கும் ரெண்டு லேயர் ஒட்டிடலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வார். ஷீட் விற்பது அவர் வேலை, அதைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊரில் அதிகம் ஓடுகிற சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக்கை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். செடானோ எஸ்யூவியோ வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், பரப்பளவு மட்டும் கூடும்.

## 1. ஷீட் ஒட்டும் முன் வண்டியைச் சரிசெய்யுங்கள்

பழுதிலிருந்து வரும் சத்தத்தை ஷீட் போட்டு மூடக்கூடாது. சத்தம் முழுதாகப் போகாது, பழுதும் உள்ளேயே வளரும். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

டயர். காற்றழுத்தம் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி இருக்கட்டும். அதிகமாக அடித்தால் ஒவ்வொரு சரளையும் காதில் விழும். டயரின் மேற்பரப்பைக் கையால் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் பல் பல்லாகத் தட்டுப்பட்டால் தேய்மானம் ஒழுங்காக இல்லை. அப்படித் தேய்ந்த டயரின் ஊளையை எந்த ஷீட்டும் அடக்காது. டயர் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டதென்றால் முதலில் டயரை மாற்றுங்கள், அதற்குப் பிறகும் இந்த வேலை தேவையா என்று யோசியுங்கள்.

வீல் பேரிங். வேகம் கூடக் கூட 'ஊம்ம்' என்று ஏறி, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது குறைந்து, மறுபக்கம் சாயும்போது கூடினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இதைச் சாலைச் சத்தம் என்று நினைத்து தரை முழுக்க ஷீட் ஒட்டியவர்கள் உண்டு.

சைலன்சர். இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் மேனிஃபோல்டு பக்கம் 'டிக் டிக்' என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பைப் இணைப்புகளில் கரி படிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இணைப்பின் நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங் போய்விட்டது. இது சத்தத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. கசிகிற புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு, அதற்கு மணமோ நிறமோ கிடையாது.

சைலன்சரைத் தாங்கும் ஹேங்கர் ரப்பர்களையும் பாருங்கள். ரப்பர் அறுந்தாலோ கல்லாக இறுகிப்போனாலோ பைப்பின் அதிர்வு நேராக பாடிக்கு ஏறும். விலை குறைவான உருப்படி, ஆனால் கேபினில் வரும் முழக்கத்துக்குப் பல வண்டிகளில் இதுதான் காரணம். பைப்புக்கு மேலே இருக்கும் தகர வெப்பத் தடுப்பு லூஸாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் 'ஜ்ஜ்ஜ்' என்று கேட்கும். போல்ட்டை இறுக்கினால் போதும். முந்தைய உரிமையாளர் கத்தும் சைலன்சர் மாட்டியிருந்தால் பழைய கம்பெனி சைலன்சருக்குத் திரும்புங்கள், வேறு வழி தேடாதீர்கள்.

கதவு பீடிங், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை. பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துப் பிடித்து வர வேண்டும். எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே பீடிங் தட்டையாகிவிட்டது. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காதருகே கேட்கும் 'உஷ்' சத்தம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது.

## 2. எந்தச் சத்தம் என்று பிரித்தறியுங்கள்

ஆள் இல்லாத நல்ல நெடுஞ்சாலைத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எப்போது சோதித்தாலும் அதே இடம், அதே வேகம், கண்ணாடிகள் மூடி, ஏசி ஃபேன் அணைத்து. தார் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறினாலே சத்தம் வேறாகிவிடும் என்பதால் சாலை மாறக்கூடாது.

80-இல் போகும்போது கிளட்சை மிதித்து எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். உடனே அடங்கும் சத்தம் எஞ்சின், சைலன்சர் பக்கத்தைச் சேர்ந்தது. அடங்காமல் வேகம் குறையும்போது மட்டும் குறைவது டயரும் காற்றும். ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பிரேக் பூஸ்டர் போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

நண்பர் ஒருவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, டிக்கி பக்கம், தரைப்பக்கம், கதவுப்பக்கம் என்று தலையை நகர்த்திக் கேட்கச் சொல்லுங்கள். காதை விட நல்ல கருவி இந்த வேலைக்குக் கிடையாது.

மொபைலில் டெசிபல் ஆப் வைத்திருந்தால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். முன்பு இவ்வளவு, பிறகு இவ்வளவு என்ற வித்தியாசத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஆப்பில் 'ஏ', 'சி' என்று இரண்டு அளவீடு இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் உணரும் முழக்கத்தை 'ஏ' அளவீடு பெரிதாகக் காட்டாது, 'சி' காட்டும். 3 டெசிபல் குறைந்தால் கவனித்துக் கேட்பவருக்குத்தான் தெரியும். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானது போலத் தோன்றும். ஹேட்ச்பேக்கில் அந்தப் பாதி கிடைப்பது அரிது, யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

## 3. மூன்று பொருள், மூன்று வேலை

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். எல்லாவற்றையும் 'டேம்பிங் ஷீட்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள்.

பியூட்டைல் ஷீட். மேலே அலுமினியத் தாள், கீழே ஒட்டும் பியூட்டைல் ரப்பர், மொத்தம் 2 மி.மீ. அளவு தடிமன். இது தகடு அதிர்வதை அடக்கும், காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்காது. தகடு அதிரும்போது அலுமினியத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டு, அந்த ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. அதனால் அலுமினியத் தாள் விறைப்பாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினாலே கிழியும் தாள் என்றால் அந்த ஷீட் பாதி வேலைதான் செய்யும். தகட்டில் 25 முதல் 50 சதவீதம் மூடினால் போதும். அதற்கு மேல் ஒட்டுவதெல்லாம் எடைதான். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குளோஸ்டு செல் ஃபோம், அதாவது தண்ணீரை உறிஞ்சாத ஃபோம். 3 முதல் 6 மி.மீ. போதும். அதிரும் தகட்டையும் அதன் மேல் போடும் கனமான விரிப்பையும் பிரித்து வைப்பது இதன் வேலை. பிளாஸ்டிக் பாகங்கள் ஒன்றோடொன்று உரசி வரும் 'கிரீச்' சத்தத்தையும் இது நிறுத்தும். தனியாக இதை மட்டும் ஒட்டிவிட்டு சாலைச் சத்தம் போகும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

மாஸ் லோடட் வினைல். கடையில் எம்எல்வி என்பார்கள். ஓட்டை இல்லாத, தொளதொளவென்று தொங்கும் கனமான விரிப்பு. சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் இருப்பதுதான் வழக்கம். காற்று வழியாக வரும் சத்தத்தைத் தடுப்பது இதுதான். எடையை இரட்டிப்பாக்கினால் கொள்கையளவில் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். ஆனால் விரிப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தாலே மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆகவே இன்னொரு லேயர் போடுவதை விட இடுக்குகளை அடைப்பது லாபம்.

வாங்கக் கூடாதது ஒன்று உண்டு. கட்டட மேல்தளக் கசிவுக்கு ஒட்டும் தார் ஷீட்டும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும், விலையும் குறைவு. மே மாத வெயிலில் இளகி, கதவுக்குள் வழிந்து, வண்டியெல்லாம் தார் நாற்றம் அடிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைத் தகட்டில் ஒட்டி, செங்குத்தாக நிறுத்தி, மதிய வெயிலில் வைத்துப் பாருங்கள். நழுவினாலோ நாறினாலோ வாங்காதீர்கள். ஃபோமுக்கும் ஒரு சோதனை: தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் கொட்டினால் அது உறிஞ்சும் ஃபோம். அதை வண்டித் தரையில் போட்டால், அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு துருவும் பூஞ்சை வாடையும் நிச்சயம்.

## 4. கையில் இருக்க வேண்டியவை

10 மி.மீ. சாக்கெட், சீட் போல்ட்டுக்கு 14 அல்லது 17 மி.மீ., ஸ்க்ரூடிரைவர், நட்சத்திரத் தலை பிட் செட், சீட் பெல்ட் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் டி50 பிட், பிளாஸ்டிக்கில் செய்த டிரிம் கழற்றும் நெம்பிகள், போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், சிறிய கை ரோலர், கட்டர், தடித்த கையுறை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி.

கதவு கிளிப்புகளைக் கூடுதலாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய வண்டியில் கிளிப் உடையாமல் டோர் பேட் (கதவின் உட்பக்க பிளாஸ்டிக் மூடி) வராது. சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் பழைய கிளிப்பைக் காட்டினால் எடுத்துத் தருவார்கள். உடைந்த கிளிப்போடு பேடைத் திரும்ப மாட்டினால் சத்தத்தைக் குறைக்கப் போன இடத்தில் புதிதாக ஒரு லொடலொடப்பு சேரும்.

கையுறையை அலட்சியம் செய்யாதீர்கள். அலுமினிய விளிம்பும் கதவின் உள்தகட்டு விளிம்பும் கையை ஆழமாகக் கிழிக்கும்.

## 5. பேட்டரி முதலில், சீட் பிறகு

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருந்தால் அவை ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இறுக்கி தொடர்பானவை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் விட்ட பிறகே அவற்றைத் தொடுங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும்.

சீட் வெளியில் இருக்கும்போது பேட்டரியை மாட்டி இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடும், ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டியிருக்கும். வேலை செய்யும்போது பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு இதில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. பாட்டு மொபைலில் கேளுங்கள்.

டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் அதை நீங்கள் கழற்ற வேண்டாம். அதைச் சுற்றியுள்ள காற்றுப் போக்கிகளையும் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலை செய்யுங்கள்.

## 6. சுத்தம்

ஒட்டிய ஷீட் உரிந்து வருகிறதென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு, ஒட்டிய இடம் சரியாகத் துடைக்கப்படவில்லை. முதலில் ஈரத்துணியால் மண்ணை எடுங்கள், காயவிடுங்கள், பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே இருக்கும்வரை துடையுங்கள். தின்னரோ பெட்ரோலோ பயன்படுத்தினால் பெயின்ட் போகும், தீ ஆபத்தும் கூட. ஆல்கஹாலும் எரியக்கூடியதுதான். கதவுகள் நான்கும் திறந்திருக்கட்டும்.

கார்பெட்டைத் தூக்கியதும் அடியில் உள்ள பஞ்சு விரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஈரமோ துருவோ தெரிந்தால் அன்று ஷீட் வேலை கிடையாது. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு வாருங்கள். துருவின் மேல் ஒட்டிய ஷீட் அதைப் பத்திரமாகப் பாதுகாத்து வளர்க்கும்.

நிழலில், முடிந்தால் காலையில் வேலை செய்யுங்கள். வெயிலில் சுட்ட தகட்டில் ஷீட் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்தவே முடியாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இதற்கு நேர்மாறு: ஹேர் டிரையரால் சூடுபடுத்தினால்தான் ஒட்டும்.

## 7. டிக்கியிலிருந்து தொடங்குங்கள்

பலர் கதவிலிருந்து தொடங்குகிறார்கள். டிக்கியிலிருந்து தொடங்கச் சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் பயணிகளுக்கும் நடுவே சுவர் கிடையாது. பின் சக்கரங்களின் இரைச்சலும் சைலன்சரின் கடைசிப் பெட்டிச் சத்தமும் நேராக உள்ளே வரும். இரண்டு, இங்கே ஷீட் கோணலாக ஒட்டினாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. கை பழகுவதற்கு நல்ல இடம்.

ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியின் அடியைக் கை முட்டியால் தட்டுங்கள். தவில் மாதிரி முழங்கும். நடுவில் ஒரு துண்டு ஷீட்டை ஒட்டி, ரோலரால் அழுத்தி, மறுபடி தட்டுங்கள். 'டங்' என்றது 'டொக்' என்று மாறியிருக்கும். எந்தத் தகட்டுக்கும் இதுதான் சோதனை. 'டொக்' என்று ஒலிக்கத் தொடங்கிய இடத்தில் மேலும் ஒட்டாதீர்கள். கம்பெனியே ஒட்டி அனுப்பிய தார்ப்பட்டைகள் தரையில் இருக்கும். அவற்றைப் பெயர்க்க வேண்டாம், அங்கே வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது.

பின் சக்கர வளைவுகளுக்குத்தான் தாராளமாகச் செலவிட வேண்டும். முதலில் பியூட்டைல், அதன் மேல் ஃபோம், அதன் மேல் எம்எல்வி. ஷீட்டை அலுமினியத்தின் புடைப்பு வடிவம் தட்டையாகும் வரை ரோலரால் உருட்டுங்கள். அடியில் காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் வேலை செய்யாது, ஈரமும் தேங்கும். குமிழியைக் கட்டர் முனையால் குத்தி அழுத்துங்கள்.

குழியின் அடியில் உள்ள ரப்பர் மூடிகளை மூடி ஒட்டாதீர்கள். தண்ணீர் இறங்கினால் திறந்துவிட அவை வேண்டும். பக்கவாட்டு டிரிம்முக்குப் பின்னால் காற்று வெளியேறும் துளை மூடிகளும் இருக்கும். அவற்றை அடைத்தால் கதவு மூடும்போது காது அடைக்கும், ஏசியும் ஒழுங்காக வேலை செய்யாது.

டிக்கி முடிந்ததும் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் மாட்டி, அதே சாலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். சிலருக்கு இதுவே போதுமென்று இருக்கும், மீதிப் பணம் மிச்சம்.

## 8. தரை

முன் சீட்டில் கால் வைக்கும் சரிவான பகுதி, அதாவது முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் உள்ள தகடு, தரையிலேயே அதிகச் சத்தம் வரும் இடம். நடுத்தரை அவ்வளவு இல்லை. பியூட்டைல் துண்டுகளைச் சரிவிலும் பெரிய சமதளங்களிலும் மட்டும் ஒட்டுங்கள்.

அதன் மேல் ஃபோமும் எம்எல்வியும் வரும். எம்எல்வியை ஒட்டத் தேவையில்லை, தன் எடையில் படிந்து கிடக்கும். துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும், மேலே டேப் ஒட்டுங்கள். கார்பெட்டை அளவாக வைத்து வெட்டினால் மடிப்புகள் சரியாக அமையும்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் உள்ளன. சீட் கால்களும் சீட் பெல்ட் ஆணிகளும் உட்காரும் இடத்தில் ஷீட், ஃபோம் எதுவும் இருக்கக்கூடாது. இரும்பும் இரும்பும் நேராக இறுக வேண்டும். நடுவில் மெத்தென்று ஏதாவது இருந்தால் போல்ட் நாளடைவில் தளரும். அடுத்தது பெடல்கள். கார்பெட் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிக்கும்போது மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெடலுக்கு அடியில் பியூட்டைலோடு நிறுத்துங்கள்.

## 9. கதவு

கண்ணாடியை மேலே ஏற்றி வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்க்ரூக்கள் கைப்பிடிக் குழிக்குள்ளும் சின்ன மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். எல்லாம் எடுத்த பிறகே டோர் பேடை அடிப்பக்கத்திலிருந்து நெம்புங்கள். வெளியே வந்ததும் அப்படியே இழுக்காதீர்கள், பின்னால் ஒயரும் லாக் கேபிளும் தொங்கும்.

உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் தெரியும். பலர் இதைக் கிழித்துக் குப்பையில் போடுகிறார்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது இயல்பு. அதைக் கேபினுக்குள் வரவிடாமல் வெளியே திருப்புவது இந்தத் தாள்தான். பசையைக் கட்டரால் மெல்ல அறுத்து, மண் படாமல் மடித்து வையுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும்.

துளை வழியாகக் கையை விட்டு வெளித்தகட்டின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள். பல வருடத் தூசி இருக்கும், இங்கே பொறுமை வேண்டும். ஷீட்டை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டி, தகட்டின் நடுவிலிருந்து ஒட்டிக்கொண்டு போங்கள். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு மூடினாலே கதவு மூடும் ஓசை மாறிவிடும். கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை அடைத்தீர்களானால் தண்ணீர் தேங்கிக் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

உள்தகட்டின் பெரிய துளைகளையும் பியூட்டைல் போட்டு முழுக்க மூடினால் ஸ்பீக்கரின் பேஸ் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் நாளை பவர் விண்டோ மோட்டார் பழுதானால் மெக்கானிக் அதையெல்லாம் அறுத்தெடுக்க வேண்டும். பாட்டுக்காகச் செய்கிறவர் மூடலாம். இரைச்சல் குறைந்தால் போதும் என்பவர் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டி, டோர் பேடின் உட்பக்கம் ஃபோம் ஒட்டினால் போதும். சில வண்டிகளில் பக்க ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கும். அப்படியானால் அந்தக் கதவின் துளை அமைப்பை மாற்றவே கூடாது.

கதவில் எம்எல்வியை நான் சொல்ல மாட்டேன். கீல் தேய்ந்த பழைய வண்டியில் கதவு தொங்கிவிடும்.

பேடை மாட்டும் முன், கழற்றிய சீட்டுகளையும் மஞ்சள் கனெக்டர்களையும் மாட்டிவிட்டு, பேட்டரியை இணைத்து, கண்ணாடியை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். லாக், உள்கைப்பிடி, ரிமோட் மூன்றையும் கதவு திறந்த நிலையிலேயே சோதியுங்கள். லாக் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடி, கைப்பிடியால் திறந்து பார்க்கலாம்.

## 10. கூரை, பானட், டாஷ்போர்டு

கூரையில் ஷீட் ஒட்டினால் மழைச் சத்தம் நன்றாகக் குறையும், சாலை இரைச்சல் அவ்வளவு இல்லை. டாப் லைனிங்கை மடியாமல் இறக்குவது சிரமம், ஓரங்களில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் தொடவே வேண்டாம். செய்தால் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் மட்டும், கால் பங்கு பரப்பில். உயரத்தில் எடை கூட்டுவது வண்டியின் சமநிலைக்கு நல்லதில்லை.

பானட் வேலை டீசல் வண்டிக்குக் கொஞ்சம் உதவும், பெட்ரோலுக்குத் தேவையில்லை. டாஷ்போர்டைக் கழற்றி ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) ஒட்டுவது வீட்டில் செய்யும் வேலை அல்ல. ஒயர்கள் நுழையும் ரப்பர் வளையங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

## 11. திரும்ப மாட்டுவது

கழற்றிய வரிசையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இது எளிது. ஸ்க்ரூக்களைப் பகுதிவாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு, கவரின் மேல் எழுதி வையுங்கள். சீட் போல்ட், சீட் பெல்ட் போல்ட் இரண்டையும் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மஞ்சள் கனெக்டர் எல்லாம் 'கிளிக்' என்று உட்கார்ந்த பிறகே பேட்டரி.

சாலை இரைச்சல் குறைந்ததும் இதுவரை காதில் விழாத லொடலொடப்புகள் கேட்கத் தொடங்கும். பயப்பட வேண்டாம், அவை முன்பும் இருந்தவைதான். பார்சல் டிரே, சீட் பெல்ட் பக்கிள், கிளவ் பாக்ஸ் மூடி ஆகியவற்றில் மீந்த ஃபோமைச் சிறு துண்டாக ஒட்டுங்கள்.

## 12. முழக்கம் மட்டும் போகவில்லையென்றால்

எல்லாம் செய்தும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் 'பூம்ம்' என்று காதை அழுத்தும் முழக்கம் சில வண்டிகளில் நிற்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 100 முறை வெடிக்கிறது, அதாவது 100 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் எஞ்சினில் 2000 ஆர்பிஎம்முக்கு 50 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட சிறிய காரின் நீளம். சில மில்லிமீட்டர் ரப்பரும் வினைலும் அதைத் தடுத்துவிடாது.

இதற்கு மேல் ஷீட் வாங்காதீர்கள். முதலில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் வைத்த எஞ்சின் மவுண்ட்டுகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். ரப்பர் வெடித்த மவுண்ட்டும் இதே முழக்கத்தைத் தரும். மவுண்ட், ஹேங்கர், பேக்கிங் எல்லாம் சரியாக இருந்தும் முழக்கம் தொடர்ந்தால், சைலன்சர் பைப்பில் ரெசனேட்டர் பெட்டியோ (குறிப்பிட்ட அதிர்வெண் ஒலியை அடக்கும் பெட்டி) ஒரு முனை மூடிய கிளைக்குழாயோ சேர்ப்பதுதான் வழி. கிளைக்குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். புகை சூடாக இருப்பதால் உள்ளே ஒலி வேகமாகப் போகும். அதனால் 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்கு மேல் குழாய் வேண்டியிருக்கும், அதற்கு வண்டி அடியில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். சைலன்சர் கடைக்குப் போகும்போது எந்த ஆர்பிஎம்மில் முழங்குகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். அந்த எண் இல்லாமல் அவர்கள் கண்மதிப்பில்தான் வெட்டுவார்கள்.